பன்னி ரூமுக்கு கான்கிரீட் தரை போடப் போறீங்களா? தீனித் தொட்டியில இருந்து யோசிங்க

ஆனேக்கல் பக்கம் எங்களுக்கு சின்னதா ஒரு பன்னி பண்ணை இருக்கு, பெங்களூர்ல வளர்ற பையன் பன்னி வளர்க்கிறேன்னு சொன்னப்ப வீட்டுல சிரிச்சாங்க, அது வேற கதை. எங்கப்பா திருவண்ணாமலையில இருந்து இங்க வந்து முப்பது வருஷம் மேஸ்திரி வேலை பாத்தவரு, அவரு பையன் நான் போட்ட முதல் தரை ரெண்டே வருஷத்துல பல்லை இளிச்சிடுச்சு. பல்லை இளிச்சிடுச்சுன்னா நெஜமாவே பல்லுதான், மேல இருந்த சிமென்ட் எல்லாம் போயி உள்ள இருந்த ஜல்லி தனித்தனியா வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. புதுசா பண்ணை வைக்கப் போறவங்க நிறைய பேர் தரையைப் பத்தி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதிடுறேன்.

ஒரு விஷயம் மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். என் தரை பூரா கெட்டுப் போகல. தீனித் தொட்டியைச் சுத்தி ஒரு மூணு அடி, அவ்வளவுதான். பன்னி படுக்கிற இடம் புதுசு மாதிரியே இருந்துச்சு, சாணி போடுற மூலை கூட பெருசா ஒன்னும் ஆகல. நான் என்ன நெனச்சேன்னா பன்னி மூஞ்சியால நோண்டி நோண்டித்தான் தரை போகுதுன்னு. நோண்டுறதும் ஒரு காரணம்தான், ஆனா அது ரெண்டாவது. முதல் காரணம் புளிப்பு.

புளிப்பு எப்படி கான்கிரீட்டை தின்னுது

நம்ம ஊர் பழைய வீட்டு கிச்சன்ல கடப்பா கல்லு போட்டிருப்பாங்க இல்ல, அதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மூடியை கவுத்து வெச்சுட்டா மறுநாள் ஒரு வட்டம் வெளுத்துப் போயிருக்கும், எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. அதே கிரானைட் மேல வெச்சா ஒன்னும் ஆகாது. ஏன்னா கடப்பா கல்லு சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு பட்டா கரையும், கருங்கல் கரையாது. கான்கிரீட்லயும் இதே கதைதான், சிமென்ட் தண்ணியோட சேர்ந்து இறுகும்போது உள்ள சுண்ணாம்பு உருவாகுது, அந்த சுண்ணாம்பு புளிப்புத் தண்ணியில கரைஞ்சு போயிடும், முதல்ல மேல் தோல் போகும், அப்புறம் மணல் சொரசொரன்னு தெரியும், அதுக்கப்புறம் ஜல்லி.

புளிப்பு எங்க இருந்து வருதுன்னா தீனியில இருந்து. தவிடு, மக்காச்சோள மாவு எதை தண்ணியில கலந்து வெச்சாலும் தோசை மாவு மாதிரி பொங்கிப் புளிக்கும், அதுல லாக்டிக் ஆசிட், அசிட்டிக் ஆசிட் ரெண்டும் வரும், நல்லா புளிச்ச தீனியோட பிஹெச் 4 பக்கத்துல போயிடும். பெங்களூர் சுத்தி பாதிப் பண்ணை ஓட்டல் வேஸ்ட்ல ஓடுது, அதுல ரசம், சாம்பார், மோர்சாதம், ஊறுகாய்னு புளிப்பு ஏற்கனவே இருக்கு, டிரம்ல ஒரு ராத்திரி நின்னா இன்னும் ஏறும். பன்னி சாப்பிடும்போது பாதியை வெளிய சிந்தும், அது தரையில நின்னு நாள் பூரா ஊறும். இப்படி புளிப்புல ஊறி இளகிப் போன தரை மேலதான் பன்னி மூஞ்சியால தேய்க்குது, குளம்பால கீறுது, நாம வேற பிரஷர் மெஷின் வெச்சு அடிக்கிறோம். மூணும் சேர்ந்தா தரை எத்தனை நாள் தாங்கும் சொல்லுங்க.

பெல்ஜியம்ல கென்ட் பல்கலைக்கழகத்துல 1990கள்ல இதையே ஒரு ஆராய்ச்சியா பண்ணியிருக்காங்க, பன்னி ரூம் கான்கிரீட்டை லாக்டிக், அசிட்டிக் ஆசிட்ல ஊற வெச்சு, பிரஷ் போட்டு தேய்ச்சு எந்த சிமென்ட் தாங்குதுன்னு பாத்திருக்காங்க. ஸ்லாக், அதாவது இரும்பு உருக்கும்போது மிஞ்சுற கசடு, கலந்த சிமென்ட் சாதா சிமென்ட்டை விட நல்லா தாங்கிச்சு. இதை நான் தரை போன பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

தரைதானே போனா போகட்டும்னு விட முடியாது. ஜல்லி நீட்டிக்கிட்டு நின்னா குளம்பு பிளக்கும், பால் குடிக்கிற குட்டிக்கு முன்னங்கால் முட்டி தேய்ஞ்சு புண்ணாகும், அது வழியா கிருமி ஏறி மூட்டு வீங்கும். குழியில தண்ணி நின்னா எந்த மருந்து அடிச்சாலும் அடியில போகாது. ஆப்பிரிக்கன் பன்றிக் காய்ச்சல் 2020ல அசாம், அருணாச்சல் பக்கம் வந்ததுல இருந்து ரூமை நல்லா கழுவி மருந்து அடிக்கிறது நம்ம கையில இருக்கிற பெரிய பாதுகாப்புல ஒன்னு, சொத்தைப் பல்லு மாதிரி இருக்கிற தரையை யாராலயும் சுத்தம் பண்ண முடியாது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல்ல பேப்பர்ல தொட்டி, நிப்பிள், வாட்டம்

சிமென்ட் வாங்குறதுக்கு முன்னாடி பென்சில் எடுத்து ரூமை வரைங்க. பன்னி அழுக்குப் பிராணின்னு சொல்றது சும்மா, இடம் குடுத்தா படுக்கிற இடத்தையும் சாணி போடுற இடத்தையும் தனியா வெச்சுக்கும், ஈரமா குளுகுளுன்னு இருக்கிற மூலையிலதான் சாணி போடும். அதனால தீனித் தொட்டி மேட்டுப் பக்கம் நடைபாதையை ஒட்டி, தண்ணி குடிக்கிற நிப்பிள் எதிர்ப்பக்கம் காவா ஓரத்துல. நான் முதல்ல தொட்டிக்கு மேலயே நிப்பிளை வெச்சேன், பைப் மிச்சம்னு. நிப்பிள்ல சொட்டுற தண்ணி சிந்தின தீனியோட கலந்து தரை பூரா புளிச்ச கஞ்சி ஓடுச்சு, பைப்ல மிச்சம் பண்ண காசு தரையில போச்சு.

வாட்டம் பத்தடிக்கு நாலு இன்ச், அதாவது முப்பதுக்கு ஒன்னு. இதை விட கம்மின்னா தண்ணி நிக்கும், ரொம்ப அதிகமா வெச்சா செனைப் பன்னி வழுக்கும். வாட்டம் தொட்டியில இருந்து காவாய் பக்கம் ஒரே சீரா போகணும், நடுவுல குழி விழக் கூடாது.

ரூம் அளவு கேக்குறவங்களுக்கு: அஞ்சு மாசத்துக்கு உட்பட்ட வளர்ற பன்னிக்கு தலைக்கு பத்துல இருந்து பதிமூணு சதுரடி, குட்டி போடுற ரூம்னா எண்பது சதுரடிக்கு குறையாம. நெருக்கிப் போட்டா எல்லா இடத்துலயும் சாணி போடும், அப்ப நான் மேல சொன்ன பிளான் எல்லாம் வீண்.

அடி மண்ணு

இதுல ரொம்ப எழுத ஒன்னும் இல்ல, ஆனா இதை விட்டா மேல எது போட்டாலும் வெடிக்கும். ஆனேக்கல், அத்திப்பள்ளி, சர்ஜாபுரம் பக்கம் செம்மண்ணு, நல்ல மண்ணுதான், ஆனா மேடாக்குறதுக்கு வெளிய இருந்து லோடு அடிச்சு நிரப்பின மண்ணு இருந்தா அது ஒரு மழைக்காலம் பூரா உக்காரணும், இல்லைன்னா ஆறு ஆறு இன்ச்சா கொட்டி, தண்ணி தெளிச்சு, காம்பாக்டர் வாடகைக்கு எடுத்து இடிக்கணும். அதுக்கு மேல ஆறு இன்ச் போல்டர் கல்லு அடுக்கி, சந்துல சின்ன ஜல்லியும் கிரஷர் டஸ்ட்டும் போட்டு இறுக்கிடுங்க. மேல கனமான பிளாஸ்டிக் ஷீட் விரிங்க, ஓரம் ஒன்னு மேல ஒன்னு ஒரு அடி ஏறணும். ஷீட் எதுக்குன்னா கீழ இருந்து ஈரம் ஏறாம இருக்கவும், கான்கிரீட்ல இருக்கிற தண்ணியை மண்ணு உறிஞ்சாம இருக்கவும்.

கம்பி போடணுமான்னு எல்லாரும் கேக்குறாங்க. அடி மண்ணு நல்லா இறுகியிருந்தா நாலு இன்ச் தரைக்கு கம்பி வேணாம்ங்கிறது என் கருத்து, டிராக்டர் ஏறுற நடைபாதைன்னா ஆறு இன்ச் கனம் போடுங்க. ஓட்டல் வேஸ்ட்ல உப்பு ஜாஸ்தி, அது உள்ள இறங்கி கம்பியில பட்டா துரு பிடிச்சு ஊதும், தரையை கம்பியே உடைச்சுடும். அடி மண்ணு மேல நம்பிக்கை இல்லாம கம்பி போட்டே ஆகணும்னா கம்பிக்கு மேல ரெண்டு இன்ச் கான்கிரீட் கவர் இருக்கட்டும்.

எந்த சிமென்ட்

மேஸ்திரிங்க எல்லாரும் 53 கிரேடு ஓபிசி, அதாவது சாதா சிமென்ட் கேப்பாங்க, சீக்கிரம் இறுகும், மறுநாள் மேல நடக்கலாம். பில்டிங் தூணுக்கு சரி, பன்னி ரூமுக்கு அது வேணாம். ஓபிசியில சுண்ணாம்பு ஜாஸ்தி விடும், அதைத்தான் புளிப்பு தின்னுதுன்னு பாத்தோம். ஸ்லாக் சிமென்ட்டும், சாம்பல் கலந்த பிபிசியும் அந்த சுண்ணாம்போட சேர்ந்து அதையே கெட்டிப் பொருளா மாத்திக்கும், உள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் சின்னதாயிடும், தண்ணி உள்ள இறங்குறது குறையும்.

நம்ம கர்நாடகாவுல ரெண்டுக்கும் பஞ்சம் இல்ல. பெல்லாரி பக்கம் தோரணக்கல்லு இரும்பு ஆலையில ஸ்லாக் மலை மாதிரி வருது, ராய்ச்சூர் அனல்மின் நிலையத்துல சாம்பல். கடையில மூட்டை மேல இந்தியத் தர நம்பர் ஐஎஸ் 455னு இருந்தா ஸ்லாக் சிமென்ட், ஐஎஸ் 1489னு இருந்தா பிபிசி. என் ஓட்டு ஸ்லாக் சிமென்ட்டுக்கு, கிடைக்கலைன்னா பிபிசி. தயாரிச்ச வாரம் மூட்டையில அச்சடிச்சிருக்கும், மூணு மாசத்துக்கு மேல பழசுன்னா திருப்பிக் குடுங்க. இந்த சிமென்ட் எல்லாம் மெதுவாத்தான் இறுகும், அதுக்கு தரை காயாம மேல தண்ணி விடுறது கூட நாள் வேணும், அதை மறந்துட்டா ஓபிசியை விட மோசமா போகும்.

ஜல்லி விஷயத்துல நாம அதிர்ஷ்டசாலி, பெங்களூர் சுத்தி எந்த கிரஷர்ல எடுத்தாலும் கருங்கல்லுதான், புளிப்புக்கு அசையாது. எம்-சாண்ட் வாங்கும்போது கான்கிரீட்டுக்குன்னு சொல்லி வாங்குங்க, ஒரு கைப்பிடி தண்ணி பாட்டில்ல போட்டு குலுக்கி வெச்சுப் பாருங்க, மேல கெட்டியா மாவு மாதிரி படிஞ்சா அது கழுவாத டஸ்ட், வேணாம்.

தண்ணி, இதுலதான் சண்டை வரும்

தரை எத்தனை வருஷம் வரும்ங்கிறதை பாதிக்கு மேல தீர்மானிக்கிறது மிக்சர்ல ஊத்துற தண்ணிதான். கலவையில தேவைக்கு மேல இருக்கிற தண்ணி பின்னாடி ஆவியாப் போயி அந்த இடம் ஓட்டையா நிக்கும், அந்த ஓட்டை வழியாத்தான் புளிப்பு உள்ள இறங்கும். கான்கிரீட்டுக்கான இந்திய விதி ஐஎஸ் 456 கணக்குல கடுமையான சூழல்ல இருக்கிற கம்பி கான்கிரீட்டுக்கு சிமென்ட் எடையில 0.45க்கு மேல தண்ணி கூடாது, க்யூபிக் மீட்டருக்கு குறைஞ்சது 320 கிலோ சிமென்ட், எம்30 கிரேடு (கான்கிரீட்டோட பலத்தைச் சொல்ற அளவு). நம்ம தரையில கம்பி இல்லைன்னாலும் நான் அந்தக் கணக்கையே புடிச்சுக்கிட்டேன்.

கணக்கு போட்டுப் பாருங்க, 50 கிலோ மூட்டைக்கு 0.45ன்னா இருபத்தி ரெண்டரை லிட்டர். சைட்ல கிடக்கிற 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் ஒன்னு, மேல ரெண்டரை லிட்டர், அதோட முடிஞ்சுது. அதுலயும் மணல் ஈரமா இருந்தா அதுலயே மூட்டைக்கு மூணு நாலு லிட்டர் தண்ணி ஏற்கனவே இருக்கும், அதையும் கழிக்கணும். என் முதல் தரைக்கு ஹோஸ் பைப்பை மிக்சர் வாயில சொருகி விட்டாங்க, கலவை பாயசம் மாதிரி வந்துச்சு, தானா ஓடி மட்டமாச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். எங்கப்பா அன்னைக்கு ஊர்ல இல்ல.

ரெண்டாவது தரைக்கு அப்பாவே வந்து ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாரு. மிக்சர் ஓட்டுற தம்பி, "அண்ணே, கெட்டியா இருக்கு, பரப்ப முடியல, இன்னும் ஒரு பக்கெட் விடுறேன்"ன்னான். அப்பா, "தண்ணியை விட்டா உனக்கு லேசு, எம் பையன் அடுத்த வருஷம் திரும்ப உன்னைத்தான் கூப்பிடணும்"னாரு. கலவை இளகலா வேணும்னா அதுக்குன்னு பிளாஸ்டிசைசர் லிக்விட் கடையில இருக்கு, டப்பாவுல போட்டிருக்கிற அளவு ஊத்துங்க, தண்ணியை ஏத்தாமலே ஓடும். கையில எடுத்து உருட்டினா உருண்டை நிக்கணும், விரல் சந்துல சிமென்ட் பால் ஒழுகக் கூடாது, இதுதான் அப்பாவோட டெஸ்ட்.

சிமென்ட், மணல், ஜல்லி அளவு ஒன்னுக்கு ஒன்றரைக்கு மூணு, பெட்டி வெச்சு அளக்கணும், சட்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஒரு மூட்டை சிமென்ட் ஒன்னேகால் கன அடி. பத்துக்குப் பத்து ரூமுக்கு நாலு இன்ச் போட்டா 33 கன அடி கான்கிரீட், ஏழரை எட்டு மூட்டை ஆகும். ரூம் நிறைய இருந்தா ஆர்எம்சி, அதாவது லாரியில ரெடியா வர்ற கலவை சொல்லிடுங்க, எம்30, ஸ்லாக் கலந்ததுன்னு கேட்டா குடுப்பாங்க, ஆனா லாரி வந்து நின்னதும் டிரைவர் தண்ணி சேக்காம பாத்துக்கணும்.

கொட்டுறதும் தேய்க்கிறதும்

பெங்களூர்ல ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் காத்து காய்ஞ்சு வீசும், வெயில் கம்மியா தெரிஞ்சாலும் மேல்தோல் ரெண்டு மணி நேரத்துல காய்ஞ்சு மயிர்கோடு மாதிரி வெடிப்பு விழும். கூரை போட்ட பிறகு தரை போடுங்க, மூணு பக்கமும் சாக்கு கட்டுங்க, காலையில ஆரம்பிங்க. வாட்டத்துக்கு ரெண்டு பக்கமும் லெவல் புள்ளி வெச்சு நூல் கட்டி, மட்டப்பலகையை நூலுக்கு இழுக்கணும், கண்ணால பாத்து வாட்டம் வைக்கிற மேஸ்திரியை நம்பாதீங்க, எங்கப்பா உட்பட. வைப்ரேட்டர் கட்டாயம், தொட்டி ஓரத்துலயும் மூலையிலயும் விடாம.

பத்தடிக்கு ஒரு ஜாயிண்ட் விடணும், இல்லைன்னா தரை தானா ஒரு இடத்துல வெடிச்சுக்கும். ஜாயிண்ட் ரெண்டு ரூமுக்கு நடுவுல தடுப்பு வர்ற இடத்துக்கு கீழ விழற மாதிரி பிளான் பண்ணுங்க, தொட்டி முன்னாடி வேணாம். ஜாயிண்ட்ல அடைக்கிற ரப்பர் மாதிரி பொருளை பன்னி ஒரே நாள்ல நோண்டித் தின்னுடும், அனுபவம்.

அடுத்து பினிஷிங். நம்ம ஆளுங்களுக்கு ஒரு பழக்கம், கடைசியா காய்ஞ்ச சிமென்ட் பொடியைத் தூவி இரும்புக் கரணையால கண்ணாடி மாதிரி வழிப்பாங்க. வீட்டு வராண்டாவுக்கு அழகு. பன்னி ரூம்ல அந்தத் தோல் தோசை மாதிரி உரிஞ்சு வரும், உரியுற வரைக்கும் பன்னி வழுக்கி கால் விரிச்சு விழும். மேல ஊறி நிக்கிற தண்ணி வத்தின பிறகு மணியாசு கட்டையால, அதாவது மரக் கரணையால தேய்ச்சு அப்படியே விட்டுடணும், வேணும்னா மெல்லிசா ஒரு நைலான் பிரஷ் இழுப்பு, தென்னந்துடைப்பம் போட்டு கீறி விடாதீங்க, குட்டி முட்டி போயிடும். சரியா இருக்கான்னு பாக்க காய்ஞ்ச பிறகு வெறும் காலோட ஈரத்தரையில நடங்க, அப்புறம் லுங்கியை மடிச்சுக் கட்டி முட்டி போட்டு நாலடி நகருங்க. நீங்க வழுக்கினா பன்னியும் வழுக்கும், உங்களுக்கு எரிஞ்சா குட்டிக்கும் எரியும்.

தொட்டி முன்னாடி மூணு அடி

காசு எங்க செலவு பண்ணணும்னு கேட்டா இங்கதான். தரை பூரா எபாக்சிங்கிற பிசின் பூச்சு அடிக்கச் சொல்லி ஒருத்தர் கொட்டேஷன் குடுத்தாரு, ரெண்டு பன்னி வித்த காசு அதுக்கே போயிருக்கும், அதுவும் அடியில ஈரம் இருந்தா பாளம் பாளமா கிளம்பும். அதுக்குப் பதிலா தொட்டி முன்னாடி மூணு அடி அகலத்துக்கு சப்படிக் கல்லு பதிச்சேன். கன்னடத்துல சப்படிம்பாங்க, நாமளும் அப்படியே சொல்லிப் பழகிட்டோம், காம்பவுண்டுக்கும் காவா மூடிக்கும் போடுற அதே கருங்கல் பலகை. கல்லு பாலிஷ் போடாததா இருக்கணும், கடையில பாலிஷ் பீஸ் சீப்பா தர்றேம்பாங்க, வாங்காதீங்க. அடியில கலவை முழுசா நிரம்பணும், தட்டிப் பாத்தா டொக்கு சத்தம் வரக் கூடாது, ஏன்னா தாய்ப்பன்னி இருநூறு கிலோ வரும், அது ஏறி நின்னா வெத்து இடத்துல கல்லு உடையும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சிமென்ட் பால் ஊத்தாம எபாக்சி க்ரவுட் போடுங்க, இல்லைன்னா புளிப்பு கல்லை விட்டுட்டு இடுக்கைத் தின்னும்.

தொட்டிக்கு உள்பக்கமும் அப்படித்தான். சிமென்ட்ல கட்டின தொட்டி உள்ள பளபளன்னு பீங்கான் பூச்சு உள்ள ஸ்டோன்வேர் பைப்பை நீளவாக்குல பாதியா எடுத்து பதிச்சுடலாம், ட்ரைனேஜ் சாமான் விக்கிற கடையில பாதி ரவுண்டாவே கிடைக்கும். வழவழன்னு இருக்கும், மிச்சத் தீனி ஒட்டாது, புளிப்பு ஒன்னும் பண்ணாது. தொட்டி உதட்டை உள்பக்கம் சாய்ச்சு கட்டினா பன்னி தள்ளித் தள்ளி சிந்துறது பாதியா குறையும். கல்லு போட வசதி இல்லைன்னா குறைஞ்சபட்சம் அந்த மூணு அடிக்கு மட்டும் கான்கிரீட்டை ஒரு இன்ச் கூட கனமா, மூட்டைக்கு 20 லிட்டருக்கு மேல தண்ணி ஏறாம போட்டுக்கோங்க.

தண்ணி விடுறது

ஸ்லாக், பிபிசி சிமென்ட்டுக்கு ஐஎஸ் 456 சொல்றது குறைஞ்சது 10 நாள், 14 நாள் விடுறது நல்லது. பதினாலுன்னே வெச்சுக்கோங்க. மொட்டை மாடியில பாத்தி கட்டி தண்ணி நிறுத்துற மாதிரி இங்க முடியாது, நாமதான் வாட்டம் வெச்சிருக்கோமே, எல்லாம் காவாய்க்கு ஓடிடும். ஒன்னு, மலைச்சரிவுல வயல் மாதிரி குறுக்கு குறுக்கா சின்னச் சின்னதா மண் வரப்பு கட்டணும், இல்லைன்னா ஈரச் சாக்கு விரிச்சு மேல பிளாஸ்டிக் ஷீட் மூடி காலையும் சாயங்காலமும் சாக்கை நனைக்கணும். எனக்கு சாக்குதான் சரிப்பட்டுச்சு. தேய்ச்சு முடிச்ச அன்னைக்கே ஷீட் மூடிடணும், மறுநாள் வந்து பாத்துக்கலாம்னு போயிடாதீங்க. முதல் தரைக்கு நான் மூணு நாள் விட்டேன், நாலாவது நாள் போர்ல மோட்டார் போச்சு, அதோட விட்டாச்சு.

பன்னியை எப்ப விடலாம்

28 நாள் பொறுங்க. குட்டிங்க தயாரா இருக்கு, விக்கிறவரு போன் மேல போன் போடுவாரு, பொறுங்க. புதுத் தரையில காரம் ஜாஸ்தி, பிஹெச் 12க்கு மேல இருக்கும், தாய்ப்பன்னி படுத்தா காம்பு வெந்து போகும், குட்டிக்கு முட்டியும் குளம்பும் பொசுங்கும். 28 நாள் முடிஞ்சு தரையில தண்ணி விட்டு பிரஷ் போட்டுத் தேய்ச்சு வடிங்க, மூணு நாலு தடவை. பிஹெச் பேப்பர் வாங்கி ஈரத்துல வெச்சு பாத்தா மனசுக்குத் தெம்பு. முதல் ஈத்துக்கு வைக்கோலோ மரத்தூளோ கனமா போடுங்க, எப்படியும் பொறந்த குட்டிக்கு முப்பது டிகிரிக்கு மேல சூடு வேணும், நம்ம ஊர் டிசம்பர் ராத்திரியில வெறும் கான்கிரீட்ல படுத்தா குட்டி காலையில இருக்காது.

போட்ட பிறகு

தீனி போட்டு அரை மணி நேரத்துல சிந்தினதை வழிச்சு எடுத்து தொட்டி முன்னாடி தண்ணி ஊத்தி விடுங்க, தினமும் ரெண்டு தடவை, வேற எந்த கெமிக்கலும் இதுக்கு ஈடு கிடையாது. டாய்லெட் கழுவுற ஆசிட் ரூம் பக்கமே வரக் கூடாது, கறை போகும்னு ஊத்துவாங்க, கறையோட தரையும் போகும். மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி சாணியை வழிச்சு, சோப்புத் தண்ணியில ஊற வெச்சு அப்புறம் கழுவுங்க. பிரஷர் மெஷின் வெச்சிருக்கிறவங்க ஊசி மாதிரி அடிக்கிற நாசிலை கழட்டி வெச்சுட்டு விசிறி மாதிரி விரியுறதை மாட்டுங்க, தரையில இருந்து ஒரு அடி தள்ளிப் பிடிங்க, காஞ்ச சாணியை மெஷினாலயே பேத்து எடுக்கப் பாக்காதீங்க.

சாணித் தண்ணி போற மூடின குழி இருந்தா அதோட மூடியை அடிப்பக்கம் பாருங்க வருஷம் ஒருக்கா. குழியில வர்ற அழுகின முட்டை நாத்தம் இருக்கே, ஹைட்ரஜன் சல்பைடு, அது மேல மூடியில ஈரத்துல படிஞ்சு பாக்டீரியாவால சல்பூரிக் ஆசிட்டா மாறும், மேல நல்லா இருக்கிற மூடி அடியில அரிச்சு ஒரு நாள் ஆளோட உள்ள போகும். மேல இருந்தே டார்ச் அடிச்சுப் பாருங்க, எந்தக் காரணத்துக்கும் ஆளை உள்ள இறக்காதீங்க, அந்த வாயு ரெண்டு மூச்சுல ஆளை சாச்சிடும்.

ஏற்கனவே பல்லை இளிச்சிட்ட தரைன்னா

மேல அரை இன்ச் சிமென்ட் பூசி மறைக்கிறது வேலைக்கு ஆகாது, நானும் பூசினேன், ஒரே மாசத்துல அப்பளம் மாதிரி வந்துடுச்சு. கெட்டுப் போன இடத்தை சுத்தி கட்டிங் மெஷின்ல சதுரமா வெட்டுங்க, ஓரம் செங்குத்தா இருக்கணும், உள்ள குறைஞ்சது ஒன்றரை இன்ச் ஆழத்துக்கு, நல்ல கான்கிரீட் தட்டுப்படுற வரைக்கும் பேத்து எடுங்க. சுத்தியல்ல தட்டினா டிங்குன்னு கேக்கணும். ஓட்டல் வேஸ்ட் எண்ணெய் உள்ள ஊறியிருக்கும், வாஷிங் சோடா கரைச்சு சுடுதண்ணி விட்டு ரெண்டு தடவை தேய்ச்சு கழுவணும், எண்ணெய் மேல எதுவும் ஒட்டாது. முதல் நாள் ராத்திரி பூரா நனைச்சு விட்டு, காலையில தேங்கின தண்ணியை துடைச்சுட்டு, பழசோட புதுசு ஒட்டுறதுக்கு எஸ்பிஆர் லேடெக்ஸ்ங்கிற பசையும் சிமென்ட்டும் குழைச்சு பிரஷ்ல அடிங்க, அது ஈரம் காயுறதுக்குள்ள சின்ன ஜல்லி போட்ட கெட்டிக் கலவையை வெச்சு இடிச்சு நிரப்பணும், காஞ்சு போச்சுன்னா அந்த லேடெக்ஸே நடுவுல பிரிச்சு விட்டுடும், சுரண்டிட்டு திரும்ப அடிக்கணும்.

மேல ஈரச் சாக்கு, ஷீட், எல்லாம் பழையபடி. பதினாலு நாள் அந்த ரூம் பன்னியை பக்கத்து ரூம்ல விட்டா புதுசும் பழசும் கடிச்சு சண்டை போட்டுக் கிழிச்சுக்கும், அதனால விக்கிற பேட்ச் கிளம்பின மறுநாளே ரிப்பேரை ஆரம்பிச்சுடுங்க, ரூம் காலியா இருக்கிற நாளை வேஸ்ட்டா நெனைக்காதீங்க, எப்படியும் கழுவி மருந்தடிச்சு கொஞ்ச நாள் காலியா விடணும் இல்ல, அதோட இதுவும் சேர்ந்துடும்.